ஒம்பதே கால்ல இருந்து மூணரை வரைக்கும்

அந்த வீடியோவைக் கொஞ்சம் நிறுத்துங்க சார். தப்பா நெனச்சுக்காதீங்க. பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு அடுத்தவங்க ஃபோனை எட்டிப் பாக்கற ஆளு நான் இல்லீங்க. காதுல விழுந்துபோச்சு, அதான் சொல்றேன். 'ரெசிஸ்டன்ஸை உடைச்சதும் உடனே வாங்கிடுங்க'ங்கறான் அந்தப் பையன். உடனே வாங்கினீங்கன்னா உடனே அழுவீங்க. அவனுக்கு மீசையே இன்னும் ஒழுங்கா மொளைக்கல, அதுக்குள்ள அவன் பின்னாடி லட்சம் பேரு.

நீங்க கோயமுத்தூருங்களா? நான் அவிநாசில எறங்கிருவேன். இன்னும் நம்பியூரே வரல, நேரம் கெடக்குது. அந்தப் பையை மேல வெச்சுட்டு இப்படி நகுந்து உக்காருங்க, நான் சொல்லித் தர்றேன். காசெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க.

எம்பேரு நாச்சிமுத்து. கோபிப் பக்கம் பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரா இருந்தேன். ஹைஜம்ப் பாத்திருப்பீங்கல்ல? ரெண்டு கம்பம், நடுவுல ஒரு குச்சி. அந்தக் குச்சிதானுங்க ரெசிஸ்டன்ஸு. ஒரு பங்கு எரநூத்தி நாப்பது ரூவா வரைக்கும் வருது, திரும்பிப் போகுது. மறுபடி வருது, மறுபடி போகுது. பையன் ஓடியாரான், குச்சிகிட்ட வந்து பயந்து நின்னுக்கறான். ஒரு நாளைக்கு எகிறித் தாண்டறான் பாருங்க, அதானுங்க பிரேக்அவுட்டு. ஆனா தாண்டினா மட்டும் போதாது. அந்தப் பக்கம் மணல்ல விழுந்து எந்திரிச்சு நிக்கோணும், குச்சி கீழ விழாம அங்கயே இருக்கோணும். அப்பத்தான் நான் மார்க் போடுவேன். பங்குலயும் அதேதான். சாயங்காலம் மூணரைக்கு மார்க்கெட்டு முடியறப்ப வெலை அந்தக் கோட்டுக்கு மேல நிக்குதா? அப்புறமேட்டுக்குத்தான் கை வெக்கோணும். இதுக்குப் பேரு கன்ஃபர்மேஷன். பொறுமை இல்லாதவன் இந்தச் சோலிக்கே வரக்கூடாதுங்க.

இதையெல்லாம் நான் எந்த வகுப்புக்கும் போய்ப் படிக்கல சார். முப்பது வருஷம் அந்த மணல் குழிகிட்ட நின்னு படிச்சது. நின்னேன்னு சொல்றேன், ஆனா அங்க நிக்க விட்டாங்களாங்கறது வேற கதை. பி.டி. வாத்தியார்னு பேருதானுங்க. என்ற பீரியடு என்கிட்ட இருந்ததே இல்ல. பரீட்சை வந்தா கணக்கு வாத்தியார் வாசல்ல வந்து நிப்பாரு. "சார், உங்க பீரியடைக் குடுத்துருங்க, போர்ஷன் முடியல." பரீட்சை இல்லாத மாசம் சயின்ஸ் டீச்சர். மழை பேஞ்சா தமிழய்யா. கொடிக்கம்பத்துக்குப் பெயிண்டு அடிக்கோணும், குடியரசு தினத்துக்கு மிட்டாய் வாங்கியாரோணும்னா மட்டும் நாச்சிமுத்து எங்க, நாச்சிமுத்து எங்கன்னு தேடுவாங்க. பசங்க உள்ள கணக்குப் போட்டுட்டே ஜன்னல் வழியா கிரவுண்டைப் பாப்பானுங்க. நானும் வராண்டாவுல நின்னு அதே கிரவுண்டைப் பாத்துட்டு நிப்பேன்.

அதனாலதான் விருப்ப ஓய்வு வாங்கிட்டு வெளிய வந்த அன்னிக்கே ஒரு முடிவு பண்ணினேன். மார்க்கெட்டு ஒம்பதே காலுக்குத் தொறக்குது, மூணரைக்கு மூடுது. அந்த நேரம் என்ற பீரியடு. அதை இனி ஒருத்தரும் கேக்கக் கூடாது.

வீட்டுல சட்டம் போட்டேன். ஒம்பதே காலுக்கு ஒரு விசில் அடிப்பேன். பள்ளிக்கூடத்துல வெச்சிருந்த அதே விசிலுங்க. அது அடிச்சா டி.வி. நிக்கோணும், மிக்ஸி நிக்கோணும், அடுப்புல குக்கர் இருந்தா எறக்கிரோணும். குக்கர் விசிலும் என்ற விசிலும் கலந்துபோச்சுன்னா அப்புறம் வீட்டுல எதுக்கு மரியாதை? மூணரைக்கு ரெண்டாவது விசில். அதுக்கு மேல யாரு எவ்வளவு சத்தம் வேணா போட்டுக்கலாம். சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார், எனக்கும் சேத்தித்தான். அந்த நேரத்துல நான் ஒரு வெங்காயம்கூட உரிச்சுக் குடுக்க மாட்டேன்.

என்ற சம்சாரம் ருக்குமணி. நல்ல பொம்பளைங்க, அவளை ஒரு கொறை சொல்ல மாட்டேன். பொடி அரைக்கறதுல அவ கைக்கு எங்க தெருவுல ஆளு இல்ல. பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி, கருவேப்பிலைப்பொடி. நாலு பேரு கேட்டாங்கன்னு குடுக்க ஆரம்பிச்சா, அது நாப்பது பேரு ஆயிருச்சு. நான் தடுக்கவே இல்லீங்க. மூணரைக்கு மேல எவ்வளவு வேணா அரைச்சுக்கோன்னு சொன்னேன். எத்தனை புருஷன் அப்படிச் சொல்லுவான்? அவ என்ன சொல்றா, "வறுத்தது ஆறின சூட்டோட அரைச்சாத்தானுங்க மணம் நிக்கும்"ங்கறா. நின்னா மூணரைக்கும் நிக்கும்னேன். அதுக்கு மேல அவ பேசல. பேச மாட்டா. இருபத்தெட்டு வருஷமா பேசினதில்ல.

சரி, விசயத்துக்கு வர்றேன். நொய்யல் பம்ப்ஸ்னு ஒரு கம்பெனிங்க. ரெண்டு வருஷமா எரநூத்தி நாப்பதைத் தாண்ட மாட்டேங்குது. வந்து வந்து திரும்புது. நான் அதை வாங்கலீங்க, சும்மா பாத்துட்டே இருந்தேன். அதோட சார்ட்டை ஃபிளக்ஸ் கடையில குடுத்துப் பெருசா அடிச்சு ஹால்ல மாட்டினேன். அந்த எடத்துல ருக்குமணியோட அப்பன் படம் இருந்துது, அதை உள் ரூம்புக்கு மாத்தினேன். பெரிய மனுசன், தப்பா எடுத்துக்க மாட்டாரு. தெருக்காரங்களைச் சேத்து ஃபோன்ல ஒரு குரூப்பும் ஆரம்பிச்சேன், 'நாச்சிமுத்து பிரேக்அவுட் பயிற்சி மையம்'னு. நல்ல கூட்டம் இருந்துது. இப்ப நானும் என்ற மச்சானும் மட்டும் இருக்கறோம். அவருக்கு அதுல இருந்து எப்படி வெளிய வர்றதுன்னு தெரியாது.

வைகாசி முகூர்த்தம் சார். எங்க தெருவுல ஒரு கல்யாணம். தாம்பூலப் பையில தேங்காயோட ஒரு பொடி பாக்கெட்டும் வெக்கறதுன்னு பொண்ணு வீட்டுல முடிவு பண்ணி, ருக்குமணிகிட்ட ஆர்டர் குடுத்துட்டாங்க. அவளுக்கு மொதல் பெரிய ஆர்டர். நான் சொல்றது அதுக்கு மொத நாளு, விடிஞ்சா கல்யாணம். அன்னிக்குன்னு பாத்து காலைல இருந்து கரண்டு கம்மி, மிக்ஸி சுத்தவே இல்ல. நானும் அதைக் கண்டுக்கல, எனக்கு என்ற வேலை.

முன்பகல்ல நொய்யல் பம்ப்ஸ் எந்திரிச்சுது. எரநூத்தி முப்பத்தேழு. முப்பத்தெட்டு. வால்யூம் பனமரம் கணக்கா நிக்குது. வால்யூம்னா எத்தனை பேரு வந்து வாங்கறாங்கங்கற கணக்குங்க. கூட்டம் வந்து சேந்தாத்தான் அது நெசமான பிரேக்அவுட்டு. ரெண்டு வருஷமா காத்திருந்த நேரம். முப்பத்தொம்பது. அந்த நேரத்துல சமையக்கட்டுல மிக்ஸி ஓடுது.

விசில் அடிச்சேன். நிக்கல. மறுபடி அடிச்சேன். "கொஞ்ச நேரமுங்க, இப்பத்தான் கரண்டு ஒழுங்கா வந்திருக்குது, இதை விட்டா நாளைக்கு ஆகாதுங்க"ன்னு உள்ள இருந்து கொரலு வருது. மின்சார வாரியத்து மேல பழியப் போடறா. எனக்கு வந்துது பாருங்க கோவம். சட்டம்னா சட்டம். எந்திரிச்சுப் போய் மெயின் சுவிட்சை எறக்கிப்போட்டேன்.

வீடு அமைதியாச்சு சார். அப்படி ஒரு நிம்மதி. வந்து உக்காந்து பாத்தா கம்ப்யூட்டரும் அமைதியா இருக்குது. மோடமும் அணைஞ்சு கெடக்குது.

சிரிங்க, பரவாயில்ல. எல்லாரும் சிரிக்கற எடம் இதான். ஆனா நீங்களே சொல்லுங்க, அவ மிக்ஸி போடாம இருந்திருந்தா நான் எதுக்கு மெயினை எறக்கப் போறேன்? தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னு பாக்கோணுமில்ல.

மறுபடி மெயினை ஏத்தினேன். அந்த மோடம் கண்ணைச் சிமிட்டுது, சிமிட்டுது, பச்சை விளக்கு வரவே மாட்டேங்குது. எங்க வீட்டுக்குள்ள ஃபோன் சிக்னல் சுத்தமா கெடைக்காது. மாடிக்கு ஓடி, தண்ணித்தொட்டி மேல ஏறி நின்னேன். வேட்டியும் பனியனுமா, ஒரு கையில ஃபோனு. கல்யாண வீட்டுல பந்தல் போடறவங்க எல்லாம் வேலைய விட்டுட்டு என்னையப் பாக்கறாங்க. தொறந்தா எரநூத்தி அம்பத்தொண்ணு. தாண்டிப் போயிருச்சு. நான் இல்லாமப் போயிருச்சு.

மூணரை வரைக்கும் பொறுத்திருக்கோணும், தெரியும். நான்தானே எல்லாத்துக்கும் சொல்றவன். ஆனா அந்தத் தொட்டி மேல நிக்கறப்ப மனசுல வேற ஒண்ணு ஓடுச்சுங்க. ஆயுசு பூரா என்ற பீரியடை அடுத்தவன் எடுத்துக்கிட்டான், இதையும் விடறதான்னு. இருந்ததெல்லாம் சேத்து வாங்கிப்போட்டேன். எல்லாம்னா, ரிட்டையர்மெண்ட்டுல வந்தது கொஞ்சம், அப்புறம் எங்க ரெண்டு பேரு பேருலயும் இருக்கற கணக்குல சும்மா கெடந்தது. அவ பொடி அரைக்கற மெஷின் வாங்கறதுக்குன்னு சேத்து வெச்சிருந்ததுங்க அது. ஆனா மெஷின் இன்னும் வாங்கலீல்ல? வாங்காத வரைக்கும் சும்மா கெடக்கற பணந்தானுங்களே.

மூணரைக்கு எரநூத்தி முப்பத்தி நாலுல முடிஞ்சுது. பையனும் விழுந்தான், குச்சியும் விழுந்துது. இதுக்குப் பேரு ஃபால்ஸ் பிரேக்அவுட்டு. பொய்யாத் தாண்டறது. ஸ்டாப்லாஸ் போடலையான்னு கேக்கறீங்க, சரியான கேள்வி. இவ்வளவுக்குக் கீழ எறங்கினா யோசிக்காம வித்துட்டு வெளிய வந்துரோணும்னு முன்னாடியே கட்டிப் போடறது ஸ்டாப்லாஸ். குரூப்புல தெனமும் காலைல அதைப் பத்தி ரெண்டு வரி போடுவேன். நான் போடலீங்க. போட்டா, பெரிய ஆளுங்க வெலைய அதுவரைக்கும் அடிச்சு எறக்கிப்போட்டு அப்புறம் மேல போவானுங்க, அனுபவத்துல தெரியும். இப்ப நூத்தி அறுபதுல நிக்குது. இன்னும் வெச்சிருக்கறேன். அடித்தளம் கட்டுது சார் அது.

அன்னிக்குப் பொழுதோட அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. பக்கத்து வீட்டு மிக்ஸில அரைச்சு முடிச்சுட்டு, மேலெல்லாம் கொள்ளுப்பொடியோட வந்து நின்னா.

"மெஷின் பணம் கணக்குல இல்லீங்களே. எங்கீங்க?"

"போட்டிருக்கறேன். பத்திரமா இருக்குது."

"எதுல போட்டிருக்கீங்க?"

நான் செவுத்துல தொங்கற சார்ட்டைக் காட்டினேன். அவ அதையே கொஞ்ச நேரம் பாத்தா. நான் சும்மா இருக்கக் கூடாதுன்னு, அதுல எந்தக் கோடு எதுக்குன்னு வெளக்கிச் சொன்னேன். முழுசாக் கேட்டா சார்.

மறுநாள் காலைல பொடியக் கல்யாண வீட்டுல குடுத்துட்டு, பொண்ணு மாப்பிள்ளையப் பாத்துட்டு, அப்படியே அவிநாசில தங்கச்சி ஈஸ்வரி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு சொன்னா. சரின்னேன். வாசப்படி எறங்கறப்ப பாத்தா, கையில மிக்ஸி. கல்யாணத்துக்கு எவளாவது மிக்ஸியத் தூக்கிட்டுப் போவாளா சார்? நான் அப்பவே என்னன்னு கேட்டிருப்பேன். ஆனா ஒம்பதே காலு ஆகப் போகுது.

போனவ போனவதான். வரல.

ஒரு நிமிஷம், கண்டக்டர் வர்றாரு. அவிநாசி ஒண்ணு குடுங்க. சில்லறை இருக்குதுங்க, இந்தாங்க.

எங்க விட்டேன்? ஆங். நான் பதறலீங்க. பதறினா இத்தனை நாள் மார்க்கெட்டுல இருந்து என்ன படிச்சேன்? மொத மாசம் தெனமும் ஃபோன் பண்ணினா, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு. அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை ஆச்சு. அதுக்கு மேலயும் ஏறல, கீழயும் எறங்கல, அங்கயே நின்னுக்கிச்சு. கன்சாலிடேஷன்னு சொல்லுவாங்க. வெலை ஒரு எடத்துல அடங்கி நிக்கறது. அடங்கி நிக்குதுன்னா அடுத்து ஏத்தந்தான். அதனால நான் தைரியமா இருந்தேன். இப்ப ஒரு மாசமா அவ பண்றதில்ல. நான்தான் பண்றேன்.

பெங்களூர்ல எம்மக இருக்கறா. அவதான் சேதி சொல்லுவா. ஆனில, "அம்மா பொடி அங்கயும் விக்குதுப்பா"ன்னா. விக்கும்மா, புதுசுல அப்படித்தான் இருக்கும்னேன். ஆடில ஈஸ்வரி வீட்டு முன் ரூம்பக் கடையாக்கிட்டாங்கன்னா. கூட்டமில்லாத ஏத்தம்மா அது, தானா எறங்கிரும்னேன். ஆவணில மகளிர் குழுவுல லோன் போட்டு அரைக்கற மெஷினே வாங்கிட்டாங்கன்னா. வேலைக்கு நாலு பொம்பளைங்களாம். அப்பவும் நான் அசையல சார். இதைப் பாத்து ஏமாந்து, அடடா பிரேக்அவுட்டுன்னு குதிக்கறதெல்லாம் கத்துக்குட்டிங்க பண்ற வேலை. எத்தனை பொய்யான ஏத்தம் பாத்திருக்கறேன்.

"நீங்க போய் ஒரு தடவை அம்மாவக் கூப்பிடுங்கப்பா"ன்னு அழுதா மக. நான் பொறுமையாச் சொன்னேன். எந்த வெலையும் கோட்டை உடைச்சுப் போனப்பறம் ஒரு தடவையாவது அந்தக் கோட்டுக்குத் திரும்பி வரும், அதுக்கு ரீடெஸ்ட்னு பேரும்மா, அது வர்றப்ப நாம தயாரா நிக்கோணும்னு. ஃபோனை வெச்சுட்டா. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் கேக்கறதுக்குப் பொறுமை இல்ல.

வீட்டுலயா? வீட்டுல இப்பச் சத்தமே இல்லீங்க. ஒம்பதே காலுக்கு விசில் அடிக்கறேன். நிறுத்தறதுக்கு உள்ள ஒண்ணும் ஓடல, இருந்தாலும் ஒழுங்கு கெடக் கூடாதுல்ல. சோறு நானே வெச்சுக்குவேன். வெளிய சொல்லக் கூடாதுங்க, உங்ககிட்டச் சொல்றேன், மூணரைக்கு மேலதான் முடியறதில்ல. முன்னெல்லாம் ரெண்டாவது விசில் அடிச்சதும் அவ காப்பி கொண்டாந்து வெச்சுட்டு, இன்னிக்கு உங்க பம்ப் என்னங்க ஆச்சுன்னு கேப்பா. ஒரு எழவும் புரியாது அவளுக்கு, ஆனா தெனமும் கேப்பா. இப்பச் சொல்றதுக்கு ஆளில்லாம ரொம்ப வெசனமா இருக்குது.

அதனால போன சனிக்கிழமை நானே எறங்கிப் போனேன். சனிக்கிழமை மார்க்கெட்டு லீவு. மனசுல ஒரு விட்டுக்கொடுத்தலும் பண்ணி வெச்சிருந்தேன். மூணரைங்கறதை ரெண்டரை ஆக்கிக்கலாம், ஒரு மணி நேரம் முன்னாடியே நீ மிக்ஸி போட்டுக்கோன்னு. ஒரு மணி நேரம் சார். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துல எவ்வளவு நடக்கும்னு மார்க்கெட்டுல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

கடை அவிநாசி பஸ் ஸ்டாண்டு எதுக்கால. எடுத்ததும் நான் உள்ள போகலீங்க. இந்தப் பக்கம் டீக்கடையில நின்னு வால்யூம் பாத்தேன். ஜனம் வருது, போகுது, வருது. பைக்குல வர்றான், கார்ல வந்து நிறுத்தறான். விசேஷ நாளா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். நாலாவது டீ குடிக்கறப்ப அவளே ரோட்டைத் தாண்டி வந்துட்டா. "எவ்வளவு நேரமுங்க வெய்யில்ல நிப்பீங்க, வாங்க"ன்னா.

எலை போட்டு அரிசிம்பருப்பு சாதம் வெச்சா. நெய் ஊத்தினா. நான் என்ற ரெண்டரை மணி விசயத்தைச் சொன்னேன். கேட்டுட்டு, எலையில இன்னும் ஒரு கரண்டி வெச்சுட்டுச் சொல்றா.

"எனக்குக் கோவமெல்லாம் போயிருச்சுங்க. அங்க வந்து இனி என்ன பண்றது? நாலு குடும்பம் இந்த மெஷினை நம்பி இருக்குது. நீங்க இங்க வந்துருங்க. மேல ஒரு ரூம்பு எடுத்திருக்கறேன். தீபாவளி ஆர்டர் வந்து குமியுது, பார்சல் கட்டறதுக்கு ஆளில்ல. ஸ்போர்ட்ஸ் டேக்கு அத்தனை பரிசும் நீங்கதானே கட்டுவீங்க? ஒரு மூலைகூடக் கோணாது. எனக்கு அந்தக் கட்டுத்தானுங்க வேணும்."

முப்பது வருஷத்துல அந்தக் கட்டைப் பத்தி ஒரு ஹெட்மாஸ்டர் சொன்னதில்ல சார். எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

"ஒண்ணே ஒண்ணு மட்டுமுங்க"ன்னா. "ஒம்பதே கால்ல இருந்து மூணரை வரைக்கும் ஃபோன் என்கிட்ட இருக்கோணும்."

பாத்தீங்களா. கடைசில அவளும் என்ற பீரியடைத்தான் கேக்கறா. கணக்கு வாத்தியாரு கேட்ட மாதிரியே, அதே பவ்யமா.

யோசிச்சுச் சொல்றேன், கன்ஃபர்மேஷன் வரட்டும்னேன்.

"எதுக்குங்க கன்ஃபர்மேஷன்? நான்தான் கூப்பிடறனே"ன்னா.

கடை வாசல்ல 'பார்சல் கட்ட ஆள் தேவை'ன்னு ஒரு அட்டை தொங்குச்சு. அதைக் காட்டிச் சொன்னா, "ரெண்டு மூணு பேரு வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க. நீங்க வருவீங்கன்னு நிறுத்தி வெச்சிருக்கறேன். வர்ற சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அது தொங்கும். அதுக்கு மேல என்னால முடியாதுங்க, தீபாவளி நிக்காது"ன்னு.

இன்னிக்குத்தானுங்க அந்தச் சனிக்கிழமை.

நான் முடிவு பண்ணிட்டேன் சார். இந்தா பாருங்க பையி. ரெண்டு வேட்டி, நாலு சட்டை, மாத்திரை டப்பா, எல்லாம் எடுத்தாச்சு. வீட்டைப் பூட்டிச் சாவியப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன். ஃபோனைக் குடுத்துர்றதுன்னே கெளம்பிட்டேன். நேத்தே வந்திருப்பேன், வெள்ளிக்கிழமை எந்த வெலைல முடியுதுன்னு பாத்துட்டுப் போலாம்னு நின்னேன். இன்னிக்குக் காலைல பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டேன். அப்பப் பாத்து நொய்யல் பம்ப்ஸோட மூணு மாசக் கணக்கு இன்னிக்கு மத்தியானம் வருதுன்னு சேதி. அதை மட்டும் பாத்துட்டு மனசுல ஒண்ணும் இல்லாமப் போலாமேன்னு, அங்கயே உக்காந்து மூணு பஸ்ஸை விட்டேன். நட்டந்தான். ஆனா போன தடவைய விடக் கொறைச்சலான நட்டம், நல்ல அறிகுறி. அவ மத்தியானம்னு சொன்னா, இப்பச் சாயங்காலம் ஆயிருச்சு. அதனால என்னங்க? புருஷனுக்கு ரெண்டு மணி நேரம் முன்னப் பின்ன ஆகாதா?

சேவூர் தாண்டியாச்சு. இனி வந்துரும். நீங்க கொஞ்சம் ஜன்னலை நல்லாத் தொறங்க. உங்க பக்கந்தான் கடை வரும், உங்களுக்கும் காட்டறேன். பச்சை போர்டு போட்டிருக்கும். 'ருக்குமணி பொடி வகைகள்'னு. என்ற பேரைச் சேத்துக்கலாம், சேத்துக்கல. பரவாயில்ல.

அந்தா. அதான் சார் கடை. பாருங்க கூட்டத்தை. இன்னிக்கு என்ன விசேஷமோ.

அட்டையக் காணமே.

வாசல்லதான் தொங்குச்சு, அந்தக் கம்பில. காத்துல விழுந்திருக்கும். கொஞ்சம் தலையச் சாச்சுக்கங்க சார், மறைக்குது. உள்ள ஆரு அது உக்காந்திருக்கறது? வெள்ளைச் சட்டை, நம்ம வயசுதான் இருக்கும். பெட்டி கட்டறான். டேப்பைப் பல்லுல கடிச்சுக் கிழிக்கறான் பாருங்க. அப்படியா ஒட்டறது? மூலையெல்லாம் தூக்கிட்டு நிக்குது. அதை அனுப்பினா கோயமுத்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள பிரிஞ்சுபோகும். ருக்குமணி பாத்துட்டுத்தான் நிக்கறா. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. அவனுக்குக் காப்பி வெக்கறா.

தெரியுதுங்க கண்டக்டர், அவிநாசிதான். தெரியுது.

எறங்கலீங்களான்னா... எறங்கி என்ன பண்றது சார்? இப்பப் போய் நின்னா, ஓடிப்போன வெலையத் தொரத்தற கதைதான். ஒரு தடவை தொரத்திப் பட்டாச்சு. இவன் எத்தனை நாளைக்கு நிப்பான்? அவன் கட்டற கட்டுக்குத் தீபாவளி தாண்ட மாட்டான். அப்ப அவளே கூப்பிடுவா. திரும்பி வந்துதானே ஆகோணும். எல்லாம் ஒரு தடவை திரும்பி வரும். நான் பொறுத்துக்கறேன். எனக்குப் பொறுமை இருக்குது.

பஸ்ஸை எடுங்க, போலாம். கண்டக்டர், இங்கிருந்து கோயமுத்தூருக்கு ஒண்ணு குடுங்க.

கோயமுத்தூர்ல எனக்கு ஆரும் இல்லீங்க. ஊருக்குத் திரும்பிப் போற பஸ்சு இங்கயே நிக்கும், அந்தப் பக்கம். ஆனா அவ கடைக்கு முன்னாலதான் நிக்கோணும். பையோட அங்க போய் நின்னா, வந்துட்டீங்களான்னு கேட்டுருவா சார்.